‘வேண்டாம்’ என்று அழுத்துங்கள்

இந்தப் பதிவில் கொஞ்சம் சூடு இருக்கும். வழக்கமாகப் படிக்கும் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன், அதில் பதினோரு வருடம் அன்னியச் செலாவணி கவுண்டரில் உட்கார்ந்தவன், இன்று ஒரு வங்கி இயந்திரத்தைத் திட்டப் போகிறேன். எனக்கே இது புதிதுதான்.

சென்ற மார்கழியில் ஒரு நாள். காலை நடை முடிந்து, செங்கம் சாலையில் ரமணாசிரமத்துப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். ஒரு ஏ.டி.எம். வாசலில் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. நம் பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரை தினம் பார்க்கிற கோலம்தான்.

என்னைப் பார்த்ததும், “இங்கே என்ன அழுத்த வேண்டும், சொல்ல முடியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பின் நம்பரைப் பார்க்காதபடி ஒதுங்கி நின்று திரையை மட்டும் பார்த்தேன். பத்தாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார். இயந்திரம் பணம் தருவதற்கு முன் ஒரு கேள்வி போட்டிருந்தது. ‘உங்கள் சொந்த நாணயமான யூரோவில் கணக்கிடட்டுமா? இன்றைய விகிதத்தில் 119 யூரோ. ஏற்கிறேன், மறுக்கிறேன்.’

அன்று ஒரு யூரோ சுமார் தொண்ணூறு ரூபாய். பத்தாயிரத்துக்கு 111 யூரோ ஆகும். இயந்திரம் கேட்டது 119. எட்டு யூரோ கூடுதல். நம் பணத்தில் எழுநூற்று இருபது ரூபாய். இது போக, வெளிநாட்டு அட்டை என்பதற்காகத் தனியாக ஒரு கட்டணம் உண்டு.

“மறுக்கிறேன் என்று அழுத்துங்கள், அம்மா” என்றேன். அவர் முகத்தில் சட்டென்று ஒரு பயம். “மறுத்தால் பணம் வராதே?” என்றார்.

வரும். அதே பத்தாயிரம் வரும். இதுதான் அந்தக் கேள்வியில் உள்ள சூட்சுமம். எப்படி இருந்தாலும் பணம் ரூபாயாகத்தான் வெளியே வரப்போகிறது. அந்த ரூபாய்க்கு அவர் கணக்கில் எத்தனை யூரோ கழிப்பது, அந்தக் கணக்கை யார் போடுவது என்பது மட்டும்தான் கேள்வி. மறுத்தால் அட்டை நிறுவனமும் அவருடைய சொந்த வங்கியும் கணக்குப் போடும். விசா, மாஸ்டர்கார்டு போன்றவை போடும் விகிதம் பெரும்பாலும் சந்தை விகிதத்தை ஒட்டியே இருக்கும். ஏற்றுக்கொண்டாலோ, இயந்திரத்தை நடத்துபவர் தன் இஷ்டத்துக்கு ஒரு விகிதம் வைப்பார். அந்த உபரியை இயந்திரத்துக்காரரும் இடையில் உள்ள மாற்று நிறுவனமும் பங்கு போட்டுக்கொள்வார்கள். வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் சேவை என்று பார்த்தால், தன் ஊர்க் காசில் எவ்வளவு போகிறது என்று உடனே தெரிந்துகொள்வது ஒன்றுதான். அதற்கு விலை எழுநூற்று இருபது ரூபாய். கைபேசியில் இருக்கிற கால்குலேட்டர் அதைச் சும்மாவே சொல்லும்.

அவர் அழுத்தினார். பணம் வந்தது. கைகூப்பி விட்டுப் போனார். நான்தான் கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூனில் மகளைப் பார்க்க நானும் மனைவியும் ஜெர்மனி போனோம். விமான நிலையத்தில் இறங்கியதும், டாக்ஸிக்கும் தண்ணீருக்கும் வேண்டுமே என்று ஓர் இயந்திரத்தில் இருநூறு யூரோ எடுத்தேன். இதே கேள்வி வந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை, பின்னால் வரிசை நிற்கிறது, மனைவி பெட்டிகளோடு தனியாக நிற்கிறாள். பெரிதாக, பச்சையாக இருந்த பொத்தானை அழுத்திவிட்டேன். பதினெட்டாயிரம் ரூபாய் போக வேண்டிய இடத்தில் இருபதாயிரம் போயிற்று. அட்டை கொடுத்த என் வங்கியின் கட்டணம் அதற்கு மேல் தனி. பதினோரு வருடம் இதே வேலையில் இருந்த எனக்கே இந்தக் கதி. மறுநாள் மகளிடம் சொன்னபோது, “அப்பா, நீங்களுமா?” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

என் ஊரில் அந்த ஜெர்மன் அம்மா. அவர் ஊரில் நான். இருவருக்கும் ஒரே பொறி. இதில் வெள்ளைக்காரன், கறுப்பன், பணக்காரன், ஏழை என்ற பேதம் எதுவும் இல்லை. புது ஊரில், அசந்த நேரத்தில், கையில் உள்ளூர்க் காசு இல்லாமல் நிற்கிறவன் யாரோ அவன்தான் குறி.

நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும்: “வங்கியிலும் நீங்கள் லாபம் வைத்துத்தானே விற்றீர்கள்?” நியாயமான கேள்வி. வைத்தோம். காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து டெலக்ஸில் விகிதங்கள் வரும். வாங்கும் விலை, விற்கும் விலை, டிராவலர்ஸ் செக்குக்கு ஒன்று, நோட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பலகையில் எழுதி வைப்போம். நோட்டைவிட செக்குக்கு நல்ல விலை கிடைக்கும். வாடிக்கையாளர் நம் கண்ணெதிரே செக்கில் இரண்டாவது கையெழுத்துப் போடுவார். முதல் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து, ரூபாயை எண்ணிக் கொடுத்து, மாற்றியதற்கான சான்றிதழும் கொடுப்போம். அரைமணி நேரம் ஆகும், முகம் சுளிப்பார்கள். ஆனால் விலை பலகையில் இருந்தது. பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் இருக்கிற வங்கிக்குப் போகலாம். ‘எங்கள் விலையை ஏற்காவிட்டால் பணம் கிடைக்காதோ’ என்ற பயத்தை நாங்கள் விற்கவில்லை.

லாபம் வைப்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பலகையை மறைத்து வைத்து லாபம் வைப்பதைத்தான் கேட்கிறேன். வங்கி இயந்திரத்தின் முன் நிற்கிறவன் ‘மறுக்கிறேன்’ என்ற சொல்லை அழுத்தப் பயப்படுவான். அது எழுதியவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படி எழுதியிருக்கிறார்கள். ‘எங்கள் விகிதம், சந்தையைவிட ஏழு சதவீதம் கூடுதல். வேண்டுமா?’ என்று கேட்டுப் பார்க்கட்டுமே, எத்தனை பேர் பச்சைப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று பார்ப்போம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு ஒரு விதி கொண்டுவந்தார்கள். 2020 ஏப்ரல் முதல், இப்படி மாற்றித் தருவதாகச் சொல்பவர்கள் ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். நான் ஏமாந்த திரையிலும் ஓரத்தில் ஏதோ ஒரு சதவீதம் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் படிக்கவில்லை, அது என் தப்பு. இங்கே அந்த அம்மா நின்ற திரையில் அந்த ஓரமும் இல்லை.

இதைப் பற்றி டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார்: “அவங்களுக்கு இன்னா சார் கொறைச்சல்? யூரோல சம்பாதிக்கிறாங்க. எழுநூறு ரூபா போனா போவட்டுமே!”

இந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நம் பகுதியில் எல்லாச் சில்லறை அநியாயத்துக்கும் இதுதான் சமாதானம். ஆட்டோவுக்கு இரட்டைக் கட்டணம், வாடகைக்கு இரட்டை விலை, கடையில் ரசீது இல்லாமல் டாலர் மாற்றுவது, கிழிந்த நோட்டை அவர்கள் தலையில் கட்டுவது, எல்லாவற்றுக்கும் ‘அவங்களுக்கு இன்னா கொறைச்சல்’. ரிசர்வ் வங்கி உரிமம் இல்லாமல் கடையில் வெளிநாட்டுப் பணம் மாற்றித் தருவது சட்டப்படி குற்றம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வருகிறவர்களில் பாதிப் பேர் பென்ஷன்காரர்கள், அங்கே வீட்டை வாடகைக்கு விட்டு அதில் இங்கே மூன்று மாதம் இருக்கிறவர்கள். எல்லாரும் வெள்ளைக்காரர்களும் இல்லை. மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கிரிவலத்துக்கு வருகிற நம் தமிழர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர்கள் அட்டையும் இந்த இயந்திரத்துக்கு வெளிநாட்டு அட்டைதான்.

இவர்கள் ஊரிலிருந்தே ரூபாய் கொண்டு வந்தால் என்ன என்று கேட்கலாம். தாராளமாகக் கொண்டுவர நம் சட்டம் விடாது. இந்திய ரூபாயை எல்லை தாண்டி எடுத்து வருவதற்கும் போவதற்கும் ஆளுக்கு 25,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அவர்கள் ஊர் வங்கிகளில் ரூபாய் அவ்வளவு எளிதில் கிடைப்பதும் இல்லை. ஆகவே இங்கே இறங்கித்தான் எடுத்தாக வேண்டும். வேறு வழியில்லாதவனிடம் வைக்கிற விலைக்குப் பெயர் வியாபாரமா?

“இப்போ யாரு சார் ரொக்கம் வச்சிக்கிறாங்க? ஸ்கேன் பண்ண வேண்டியதுதானே” என்பது அடுத்த வாதம். நானும் ஸ்கேன் செய்கிறேன், நல்ல வசதிதான். ஆனால் நம் யு.பி.ஐ.க்கு இங்கே வங்கிக் கணக்கு வேண்டும். வெளிநாட்டினருக்காக 2023-இல் ஜி-20 கூட்டங்களை ஒட்டி ‘யு.பி.ஐ. ஒன் வேர்ல்ட்’ என்று ஒரு பணப்பை ஏற்பாடு வந்தது. பாஸ்போர்ட், விசா காட்டிப் பதிவு செய்து, முன்கூட்டிப் பணம் போட்டு வைத்துச் செலவழிக்கலாம். நல்ல திட்டம். ஆனால் நம் பக்கத்துத் தெருவில் தங்கியிருக்கிற எழுபத்தைந்து வயதுக்காரர் எங்கே போய் அதை வாங்குவார்? அவர் இளநீர்க்காரரிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் ‘சேஞ்ச் இல்ல, ஜிபே பண்ணு’ என்கிறார்கள். பத்து ரூபாய் நாணயம் கொடுத்தால் ‘இது செல்லாது’ என்கிறார்கள். பத்து ரூபாய் நாணயத்தின் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. சென்ட்ரல் ஸ்டேஷனில் செல்கிற காசு செங்கம் சாலையில் செல்லாமல் போனது எப்படி? விருந்தாளிக்கு மட்டுமா இந்தக் கஷ்டம்? கைபேசியைத் தடவத் தெரியாத நம் வீட்டுப் பாட்டிக்கும் இதே பதில்தானே கிடைக்கிறது?

காசு இல்லாமல் தவிப்பது என்ன என்று இந்த ஊருக்குத் தெரியாதா? 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு எட்டு மணியை மறந்துவிட்டோமா? ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். சீசன் அப்போதுதான் ஆரம்பம். விமானத்தில் இறங்கியதும் மாற்றிய பணம் கையில் வெறும் காகிதமாகிவிட்டது. ஏ.டி.எம். திறந்தபோது நாளுக்கு இரண்டாயிரம் என்றார்கள். பாதி இயந்திரம் புது நோட்டின் அளவுக்கு மாற்றப்படாமல் மூடிக் கிடந்தது. நவம்பர் கடைசியில்தான் வெளிநாட்டினர் வாரத்துக்கு 5,000 ரூபாய் வரை தங்கள் பணத்தை மாற்றிக்கொள்ளலாம், பாஸ்போர்ட்டில் குறிப்பு எழுத வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அந்த வருடம் தீபம் டிசம்பர் 12. அன்றுதான் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. அத்தனை கஷ்டத்திலும் நம் பகுதியில் யார் பட்டினி கிடந்தார்கள்? ஆசிரமத்தில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் என்று கேட்பதே இல்லை. வெளியே மளிகைக் கடைக்காரர் நாற்பது பக்க நோட்டில் கடன் எழுதினார். என் வீட்டருகே இட்லிக் கடை வைத்திருந்த அம்மா, பெயர் எழுதத் தெரியாமல், ‘உயரமான சாமி’, ‘கண்ணாடி சாமி’, ‘நாய் வச்சிருக்குற அம்மா’ என்று மகனைவிட்டு எழுதச் சொன்னதை நானே பார்த்தேன். பிப்ரவரியில் அந்தக் கணக்கில் ஒருவர் பாக்கி இல்லை என்று சொன்னார். அந்த அம்மாவுக்குத் தெரிந்த வங்கித்தொழில், குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பொத்தானுக்குப் பச்சை வண்ணம் அடிக்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

இன்னும் பின்னால் போகிறேன். நம் ஊருக்கு வந்தவர்களிலேயே பெரிய பயணியின் கதை. 1896 ஆகஸ்ட் 29. மதுரையில் பதினாறு வயது வேங்கடராமன், அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். பழைய வரைபடத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்ததில் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா போய்விட்டது. விழுப்புரத்தில் இறங்கினார். ஓட்டலில் சாப்பிட்டுக் காசை நீட்டியபோது ஓட்டல்காரர் வாங்கவில்லை. மிச்சக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் ரயில். அதன் பிறகு நடை. கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். காதில் கிடந்த தங்கக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் கேட்டார். கடுக்கன் அதைப்போல் ஐந்து மடங்கு பெறும். பாகவதர் நாலு ரூபாய் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளும்படி விலாசம் எழுதிக் கொடுத்தார். வழிக்குப் பட்சணமும் கட்டிக் கொடுத்தார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதி காலை திருவண்ணாமலை. மீதி மூன்றரை ரூபாயை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார் பகவான். அதன் பிறகு அவர் காசைத் தொடவில்லை.

பகவானுக்குக் காசு வேண்டாமல் போனது. அது அவர். ஆனால் அவர் இங்கே வந்து சேர, வழியில் இருவர் காசு விஷயத்தில் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் சாப்பாட்டுக்குக் காசு வாங்கவில்லை. இன்னொருவர், யாரென்று தெரியாத பையன்தானே, கடுக்கன் இருபது ரூபாய் பெறுமே, அமுக்கிவிடலாம் என்று நினைக்கவில்லை. இன்று அவர் பெயரைச் சொல்லி வருகிறவர்களை, அவர் பெயரால் பிழைக்கிற இந்தச் சாலையில் நாம் எப்படி நடத்துகிறோம்?

கோபப்பட்டது போதும். செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

வங்கிகளுக்கு: அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வராவிட்டால், கூடுதல் எத்தனை சதவீதம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். ‘மறுத்தாலும் பணம் வரும்’ என்று ஒரு வரி சேருங்கள். ஒரே ஒரு வரி.

கடைக்காரர்களுக்கு: காலையில் கடை திறக்கும்போது ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் நாணயத்தை வாங்குங்கள், கொடுங்கள். ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி ரூபாய் நோட்டு நாட்டில் எங்கும் செல்லும். உங்கள் கடையும் நாட்டுக்குள்தான் இருக்கிறது.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்புகிற என் வயது நண்பர்களுக்கு: 2020 முதல் புதிதாகக் கொடுக்கும் அட்டைகள் வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது, கிளம்புவதற்கு முன் நீங்கள்தான் அந்த வசதியைத் திறக்க வேண்டும். முதல் இரண்டு நாள் செலவுக்கு அந்த ஊர் நோட்டை இங்கேயே உரிமம் பெற்றவரிடம் வாங்கி, ரசீதோடு பையில் வையுங்கள். அங்கே இயந்திரமோ கடைக்காரரோ ‘ரூபாயில் கணக்கிடட்டுமா?’ என்று கேட்டால், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் சரி, வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த ஊர்க் காசிலேயே கணக்கிடச் சொல்லுங்கள். பணம் வரும், பயப்படாதீர்கள்.

கடைசியாக, இந்தப் பகுதியில் நடைக்கு வருகிறவர்களுக்கு: ஏ.டி.எம். வாசலில் யாராவது தயங்கி நின்றால், ஒரு நிமிடம் நில்லுங்கள். பின் நம்பரைப் பார்க்காமல், அட்டையைத் தொடாமல், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிக் கொடுங்கள். நான் இப்போது தினம் அந்த வழியாகத்தான் போகிறேன். சுற்றுவழிதான், இருநூறு அடி கூடுதல். டாக்டரும் நடக்கத்தானே சொல்லியிருக்கிறார்.